ஹீலியம் கிணறு கிடைத்தாயிற்று, விற்பனைக்கு எந்த வழி?

ஹீலியம் திட்டங்களைப் பற்றிய செய்திகளில் "முதல் ஹீலியம்" என்ற சொல் அடிக்கடி வரும். கிணற்றிலிருந்து வாயு வந்தது, ஆலை அதைப் பிரித்தது, ஒரு கலத்தில் கொஞ்சம் ஹீலியம் சேர்ந்தது, தலைக்கவசம் போட்டவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சரி, நல்லதுதான். ஆனால் அந்தப் படத்துக்கும், மாதாமாதம் பணம் வரும் வணிக உற்பத்திக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், சில திட்டங்களுக்குச் சில வாரம், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கு. தென்னாப்பிரிக்காவின் விர்ஜீனியா திட்டத்தில் முதல் திரவ ஹீலியம் 2023 ஜனவரியில் வந்தது. அதன்பின் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் குளிர்பெட்டியின் வெற்றிடக் காப்பில் கசிவு என்று தெரியவந்து, விற்பனை ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிப்போனது. பணபலம் உள்ள பெரியவர்களையும் இது விட்டுவைப்பதில்லை. ரஷ்யாவின் அமூர் ஆலை 2021-ல் தொடங்கிய சில மாதங்களிலேயே, அக்டோபரில் ஒரு தீ, 2022 ஜனவரியில் இன்னொன்று. உலகச் சந்தையே காத்திருந்த ஹீலியம் அப்போது வந்தபாடில்லை.

இரண்டு இடத்திலும் நிலத்தடியில் வாயு இல்லாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலே இருந்த இயந்திரங்கள் எல்லாம் ஒருசேர ஓடவில்லை, அவ்வளவுதான். அதனால் கிணறு வெற்றி என்று தெரிந்த பிறகு, வாயுவாக விற்பதா திரவமாக்குவதா, சொந்த ஆலையா வாடகை ஆலையா, நீண்ட ஒப்பந்தமா அன்றாடச் சந்தையா என்று எதை ஒப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு வண்டி ஹீலியம் ஆலை வாசலைத் தாண்டிப் போக வேண்டுமென்றால், அன்றைக்கு எத்தனை பொருள் ஒரே நேரத்தில் ஒழுங்காக இருந்தாக வேண்டும்? லாபக் கணக்கு அதற்கு அப்புறம்.

பேச்சுக்கு ஒரு வயலை வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,00,000 கன மீட்டர் கச்சா வாயு, அதில் ஹீலியம் 2 சதவீதம், பெரும்பகுதி நைட்ரஜன், மீதி கொஞ்சம் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். அதாவது நாளுக்கு 2,000 கன மீட்டர் ஹீலியம் மேலே வருகிறது. ஆலை அதில் 95 சதவீதத்தைப் பிடிக்கிறது, வருடத்தில் 90 சதவீத நாட்கள் ஓடுகிறது என்றால் சராசரியாக நாளுக்கு 1,700 கன மீட்டர் கையில் நிற்கும். எடையில் சொன்னால் 300 கிலோகூட இல்லை. இந்த 1,700 என்ற எண் கீழே திரும்பத் திரும்ப வரும்.

பக்கப் பொருளா, பிழைப்பே அதுவா

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கத்தாரைக் காட்டி "அவர்களுக்கு வெறும் 0.04 சதவீதம்தான், நமக்கு 2 சதவீதம்" என்று குதிப்பார்கள். கத்தாரில் இயற்கை எரிவாயுவை எப்படியும் திரவமாக்கி விற்கிறார்கள். மீத்தேன் திரவமாகும் குளிரில் ஹீலியம் திரவமாகாது, அதனால் கடைசியில் மிஞ்சும் வாயுவில் தானாகச் செறிந்து நிற்கும். கிணறு, குழாய், குளிரூட்டல் என்று எல்லாச் செலவையும் எரிவாயு தாங்குகிறது. ஹீலியம் கடைசி வண்டியில் இலவசமாக ஏறிக்கொள்கிறது. கத்தாரின் ராஸ் லஃபானில் 2005, 2013, 2021 என்று மூன்று ஹீலியம் ஆலைகள் அடுத்தடுத்து வந்தது இப்படித்தான்.

இலவசப் பயணத்துக்கும் ஒரு விலை உண்டு. வண்டி நின்றால் நீங்களும் இறங்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் டார்வினில் 2010-ல் தொடங்கிய ஹீலியம் ஆலை 2023-ல் மூடப்பட்டது. அது நம்பியிருந்த பாயு-உண்டான் எரிவாயு வயல் வற்றியதுதான் காரணம்.

நைட்ரஜன் மிகுந்த வயல் வேறு ஜாதி. அமெரிக்காவின் கான்சாஸில் டெக்ஸ்டர் என்ற ஊரில் 1903-ல் ஒரு கிணறு பீறிட்டதும் ஊரே திரண்டு விழா எடுத்துக் கொளுத்திப் பார்த்தது. எரியவில்லை, கொண்டுபோன தீதான் அணைந்தது. 1905-ல் கேடி, மெக்ஃபார்லண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் ஆராய்ந்தபோது அதில் 1.84 சதவீதம் ஹீலியம் இருந்தது தெரிந்தது. நம் வயலும் டெக்ஸ்டர் வகைதான். எரியாத வாயு, ஆகவே துணைக்கு வேறு வருமானம் கிடையாது. ஹீலியம் விற்காத மாதத்தில் வருமானம் பூஜ்யம். நம்மைக் கத்தாரோடு ஒப்பிட்டுத் தேற்றிக்கொள்வதை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

எப்படிப் பிரிப்பது

மூன்று வழிகள் உண்டு. மெம்பிரேன், பி.எஸ்.ஏ., கடுங்குளிர் முறை.

மெம்பிரேன் என்பது ஒரு சல்லடை மாதிரி. ஹீலியம் சின்ன அணு, சீக்கிரம் ஊடுருவிப் போகும். நைட்ரஜனும் மீத்தேனும் பின்தங்கும். அசையும் பாகங்கள் இல்லை, பராமரிப்பு சுலபம். ஆனால் ஹீலியம் வெளியே வருவது குறைந்த அழுத்தத்தில், அதனால் மறுபடியும் கம்ப்ரெஷர் வேண்டும். இன்னொன்று, கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் ஹீலியத்தோடு கூடவே நழுவி வந்துவிடும். ஒரே மெம்பிரேனில் 2 சதவீதத்திலிருந்து 99.99-க்குப் போக முடியாது. இரண்டு மூன்று அடுக்கு வைத்தாலும் கடைசி மெருகுக்கு வேறொன்று வேண்டும்.

பி.எஸ்.ஏ. என்பது அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பிடிக்கும் முறை. கரியோ ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமமோ நிரப்பிய கலங்களில் வாயுவை அழுத்தினால் நைட்ரஜன், மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஹீலியம் எதிலும் ஒட்டாமல், அதே அழுத்தத்தில், சுத்தமாக மேலே போய்விடும். அழுத்தத்தை இறக்கினால் ஒட்டியது உதிரும், கலம் அடுத்த சுற்றுக்குத் தயார். இதில் வலி வால்வுகள்தான். சில நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடி, வருடத்துக்கு லட்சக்கணக்கான தடவை இயங்கும் வால்வுகள். ஒன்று சரியாக மூடாவிட்டால் தூய்மை விழும். அப்புறம் நியான் கரியில் ஒட்டாது, ஹைட்ரஜனும் பெரும்பாலும் ஒட்டாது. ஹைட்ரஜன் இருந்தால் வினையூக்கியில் ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கி, அந்தத் தண்ணீரை உலர்த்தி எடுக்கத் தனியாக ஒரு பகுதி வைக்க வேண்டும். இதை மறந்து ஆலைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் பின்னால் சேர்ப்பது பெரிய தலைவலி.

கடுங்குளிர் முறையில் நைட்ரஜனையே 77 கெல்வின் அருகில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸில், திரவமாக்கிப் பிரிப்பார்கள். அளவு பெரிதாக இருந்தால், அல்லது எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலை ஏற்கெனவே பக்கத்தில் இருந்தால், இதற்கு நிகரில்லை. நம் வயலுக்கு இது அதிகப்படி. நின்றால் மறுபடி குளிரவைக்கவே நாட்கள் ஆகும். பி.எஸ்.ஏ. நின்றாலும் சில மணி நேரத்தில் மீண்டும் தரத்துக்கு வந்துவிடும். புதிய ஆலை முதல் வருடத்தில் எத்தனை தடவை நிற்கும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

என் தேர்வு, முன்னால் மெம்பிரேன், பின்னால் பி.எஸ்.ஏ. மெம்பிரேன் நைட்ரஜனின் பெரும்பங்கை முதலிலேயே கழித்துவிடுவதால் பி.எஸ்.ஏ. சின்னதாக அமையும். பி.எஸ்.ஏ.-யின் கழிவு வாயுவில் போகும் ஹீலியத்தை மெம்பிரேனுக்கே திருப்பி அனுப்பினால் 95 சதவீத மீட்பு நடக்கக்கூடியதுதான். கம்ப்ரெஷர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஹீலியம் ஓரணு வாயு என்பதால் அழுத்தும்போது மற்ற வாயுக்களைவிட அதிகமாகச் சூடேறும், கட்டத்துக்குக் கட்டம் நடுவே நல்ல குளிர்விப்பான் வேண்டும். நைட்ரஜனைப் போட்டுச் சோதித்தபோது ஒழுகாத சீல், ஹீலியம் போட்டதும் ஒழுகும். மற்ற தொழில்களில் கசிவைக் கண்டுபிடிக்க ஹீலியத்தைத்தான் உபயோகிக்கிறார்கள் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

வாயுவா, திரவமா

பணமும் காலமும் அதிகம் போகும் முடிவு இதுதான். "திரவம்தான் பெரிய ஆட்டம்" என்ற ஆசையில் நல்ல திட்டங்கள் சிக்கிக்கொள்வதும் இங்கேதான்.

வாயுவாக விற்பது என்றால் 180, 200 பார் அழுத்தத்தில் நீளமான எஃகுக் குழாய்கள் அடுக்கிய டிரெய்லரில் ஏற்றி அனுப்புவது. ஒரு பெரிய டிரெய்லரில் சுமார் 4,500 கன மீட்டர் பிடிக்கும். நம் 1,700-ஐ வைத்துப் பார்த்தால் இரண்டரை நாளுக்கு ஒரு டிரெய்லர் நிரம்பும். வேடிக்கை என்னவென்றால், முக்கால் டன் ஹீலியத்தைக் கொண்டுபோக இருபது டன்னுக்கு மேல் எஃகைச் சாலையில் இழுத்துக்கொண்டு போகிறோம், திரும்பி வரும்போதும் அதே எஃகு. கார்பன் இழைக் குழாய்கள் வைத்த வண்டிகள் இன்னும் அதிகம் கொள்ளும், விலையும் அதற்கேற்ப. அதனால் வாங்குபவர் சில நூறு கிலோமீட்டருக்குள் இருந்தால் வாயு நன்றாகக் கட்டும், தூரம் கூடக் கூட லாபத்தை டீசல் தின்னும், கடல் கடந்தால் யோசிக்கவே வேண்டாம்.

டிரெய்லர் எத்தனை வேண்டும் என்ற கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிரப்ப இரண்டரை நாள், போக வர நான்கு நாள், வாங்குபவரின் முற்றத்தில் வெறுமையாகும் வரை ஐந்து நாள் என்றால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது. குறைந்தது ஐந்து டிரெய்லர் சுழன்றுகொண்டே இருந்தால்தான் ஆலை நிற்காது. ஒன்று குழாய்ச் சோதனைக்குப் போனால் ஆறாவது வேண்டும். டிரெய்லர் வரவில்லை என்றால் ஆலையை நிறுத்த வேண்டும், இல்லையேல் ஹீலியத்தை வானத்துக்கு விட வேண்டும், அதற்கு வேறு இடம் கிடையாது. ஆனாலும் இது லாரி ஓட்டும் பிரச்சினை. பணத்தாலும் திட்டமிடலாலும் தீரும்.

திரவம் அப்படி இல்லை. ஹீலியம் 4.2 கெல்வினில், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸில்தான் திரவமாகும். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் ஹீலியத்தை அழுத்திக் குறுகலான வால்வு வழியே விரியவிட்டால் குளிர்வதற்குப் பதிலாகச் சூடாகும். சுமார் 45 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோன பிறகுதான் அந்த வித்தை வேலை செய்யும். அதுவரை இறக்க திரவ நைட்ரஜன் வேண்டும், நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றும் விரிவு டர்பைன்கள் வேண்டும், இவற்றையெல்லாம் சுற்றிக் குறை இல்லாத வெற்றிடம் வேண்டும். அந்தக் குளிரில் ஹீலியத்தைத் தவிர எல்லாமே உறைந்து கட்டியாகிவிடும். பத்து லட்சத்தில் சில பங்கு நைட்ரஜனோ நியானோ மிஞ்சி இருந்தால்கூட மெல்ல மெல்லப் பனியாகப் படிந்து வெப்பப் பரிமாற்றியை அடைத்துவிடும். ஆக திரவமாக்கும் கருவிக்கு முன்னால் இருக்கும் பி.எஸ்.ஏ. ஒரு நாள் தடுமாறினால் பின்னால் இருப்பதும் விழுகிறது. நான் முதலில் கேட்ட கேள்விக்கான எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது.

மின்சாரம் பெரிய பயமில்லை. கோட்பாட்டின்படி லிட்டருக்குக் கால் யூனிட் போதும், சின்னக் கருவிகளில் அதைப்போல் சில மடங்கு ஆகும், அவ்வளவுதான். நம் அளவுக்கு மணிக்கு 120 லிட்டர் திரவமாக்கும் கருவி போதும், அது ஒன்றும் ராட்சதம் இல்லை. சிக்கல் சேமிப்பிலும் அனுப்புவதிலும் இருக்கிறது. திரவ ஹீலியத்தின் ஆவியாகும் வெப்பம் அவ்வளவு குறைவு. ஒரே ஒரு வாட் வெப்பம் உள்ளே கசிந்தால் மணிக்கு 1.4 லிட்டர் காற்றோடு போகும். பெரிய கன்டெய்னர் ஒன்று சுமார் 41,000 லிட்டர், வாயுக் கணக்கில் 28,000 கன மீட்டர் பிடிக்கும். நம் உற்பத்தியில் அது நிரம்பப் பதினாறு, பதினேழு நாள் ஆகும். கன்டெய்னர் அழுத்தம் ஏறாமல் தாங்குவது ஏறக்குறைய 35 முதல் 45 நாள். நிரப்பும்போது ஆவியாவதைத் திருப்பி எடுத்துவிடலாம் என்றாலும், துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த 45-லிருந்து கழியும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு காலி கன்டெய்னர் அடியில் கொஞ்சம் திரவத்தோடு குளிர்ந்த நிலையிலேயே திரும்ப வேண்டும். முழுக்க வடித்துச் சூடான கன்டெய்னரை அனுப்பினார்கள் என்றால் அதை மறுபடி குளிரவைக்க உங்கள் ஹீலியமே செலவாகும். இதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டவர்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள். குளிர்ந்த பொருளுக்கு இந்த உவமை பொருந்துமா தெரியவில்லை, விடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, திரவத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு திரவக் கன்டெய்னர் ஆறு டிரெய்லருக்குச் சமம். கடல் கடந்த வணிகம் பெரும்பாலும் திரவத்தில்தான் நடக்கிறது. எம்.ஆர்.ஐ. காந்தங்களுக்குத் திரவம்தான் வேண்டும், வழக்கமான கருவி ஒன்றில் 1,500 முதல் 2,000 லிட்டர் வரை இருக்கும். ஆனால் 7 லிட்டரிலேயே மூடி முத்திரையிட்டு வேலை செய்யும் எம்.ஆர்.ஐ. கருவிகள் வந்துவிட்டன. சிப் ஆலைகள் திரவமாக வாங்கினாலும் பயன்படுத்துவது வாயுவாக. வெல்டிங், கசிவுச் சோதனை, ஒளியிழை தயாரிப்பு, ஆய்வகங்கள் எல்லாம் வாயுவிலேயே காலம் தள்ளுபவை. இவர்களில் சிலர் அருகில் இருந்தாலே நாளுக்கு 1,700 கன மீட்டர் கரைந்துவிடும்.

ஆகவே வாங்குபவர்கள் தரைவழியாக எட்டும் தூரத்தில் இருந்தால் வாயுவாகத் தொடங்குங்கள். ஆலை வரைபடத்தில் மட்டும் திரவமாக்கும் கருவிக்கு இடமும் மின்சாரமும் ஒதுக்கி வையுங்கள். கிணறுகள் இரண்டு வருடம் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்து, நாளுக்கு 5,000 கன மீட்டருக்கு மேல் ஹீலியம் நிலையாகத் தரும் என்று தெரிந்தபின் அந்தக் காசைச் செலவழிக்கலாம். வாங்குபவர் கடலுக்கு அப்பால் மட்டுமே இருக்கிறார் என்றால் வாயுவில் தொடங்கும் பேச்சே இல்லை, திரவம்தான். ஆனால் அப்போது இந்தச் சின்ன வயலை ஒற்றையாகத் தொடங்கலாமா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

சொந்தமா, வாடகையா, பக்கத்து ஆலையா

பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் ஹீலியம் ஆலை இருந்து அதற்குக் குழாய் போட முடியும் என்றால், கூலிக்குப் பிரித்துத் தரச் சொல்வதைவிட வேகமான வழி எதுவும் இல்லை. குழாய் இல்லையென்றால் கச்சா வாயுவை லாரியில் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டால் சிரிப்பு வரும்: ஒரு டிரெய்லர் கச்சா வாயுவில் ஹீலியம் 90 கன மீட்டர்தான், மீதி 4,400 கன மீட்டர் நைட்ரஜனுக்கு ஊர்வலம். ஆனால் கிணற்றடியில் மெம்பிரேன் மட்டும் வைத்து 60 சதவீதத்துக்கு உயர்த்தினால் ஒரு டிரெய்லரில் ஏறக்குறைய 2,700 கன மீட்டர் ஹீலியம் போகும். கச்சா ஹீலியமாக விற்கும் இந்த நடுவழியில் விலை குறைவு, லாரி அதிகம், ஆனால் தூய்மைத் தலைவலி முழுவதும் அடுத்தவருடையது. நூறு கிலோமீட்டருக்குள் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் முதல் வருடத்துக்கு மோசமான யோசனை இல்லை.

வாடகை ஆலை என்பது, ஒரு நிறுவனம் சட்டகங்களில் பொருத்திய பி.எஸ்.ஏ., மெம்பிரேன் அலகுகளைக் கொண்டுவந்து இறக்கி, தானே ஓட்டி, பிரித்த அளவுக்குக் கட்டணம் வாங்குவது. யூனிட்டுக்குச் செலவு சொந்த ஆலையைவிட அதிகம்தான், அதை மறைத்துப் பயனில்லை. பதிலுக்குக் கிடைப்பது முதலீட்டுச் சுமை இல்லாமை, முன்பே வேறு இடத்தில் ஓடிப் பழகிய இயந்திரம், அதை ஓட்டிக் கை பழகிய ஆட்கள். மூன்றாவதுதான் என் பார்வையில் பெரிது. ஹீலியம் பி.எஸ்.ஏ.-வின் சுழற்சி நேரத்தை வாயுவின் கலவைக்குத் தக்கபடி திருத்தத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் கிடைக்க மாட்டார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தில் கண்ணை விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒன்று, குறைந்தபட்சக் கட்டணம். கிணறு எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தளர்ந்தாலும் முழு அளவுக்குக் காசு கட்டு என்று இருக்கும். இதைக் கிணற்றுச் சோதனை முடிவோடு கட்டிப் போடுங்கள். இரண்டாவது, வரும் வாயுவின் தர வரம்பு. உங்கள் கிணற்றில் கார்பன் டை ஆக்சைடோ தண்ணீரோ அவர்கள் எழுதிய வரம்பைத் தாண்டினால் ஆலை சரியாக ஓடாததற்கு நீங்களே பொறுப்பு என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

சொந்த ஆலை எப்போது? பத்து வருடம் தாங்கும் இருப்பு என்று சோதனையில் நிரூபணமாகி, வங்கியோ முதலீட்டாளரோ அதை ஏற்று, ஓட்ட ஆளும் இருந்தால். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு மூன்று வருட வாடகையும், முடிவில் அதே ஆலையை வாங்கிக்கொள்ளும் உரிமையும் நல்ல பாதை.

எதுவானாலும் நீண்ட சோதனை ஓட்டம் முடியாமல் ஆர்டர் போடாதீர்கள். சில மணி நேரம் கிணற்றைத் திறந்து பார்த்து எடுத்த ஒரு மாதிரியை வைத்து ஆலையை வடிவமைப்பது ஜாதகம் பார்த்து வீடு கட்டுவது போல. வாரக்கணக்கில் ஓட விட்டு அழுத்தம் எப்படி இறங்குகிறது, தண்ணீர் வருகிறதா, ஹீலியத்தின் அளவு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாதிரியில் ஆக்சிஜனும் ஆர்கானும் தென்பட்டால் காற்று கலந்திருக்கிறது. அந்தக் காற்றைக் கழிக்காமல் சொன்ன நைட்ரஜன் கணக்கு தவறு. கண்ணாடிக் குப்பியில் வைத்த மாதிரியிலிருந்து ஹீலியம் கண்ணாடி வழியாகவே நழுவிப் போகும், அதனால்தான் ஆய்வகத்தார் இரு முனையும் இறுக்கிய செம்புக் குழாய் கேட்கிறார்கள். கம்ப்ரெஷர் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும், அதை மட்டும் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாமே என்பார்கள். எனக்கு அதிலும் தயக்கம்தான்; ஓட்ட அளவு பாதியானால் அந்தக் கம்ப்ரெஷர் கழுத்தில் கட்டிய கல்.

யாருக்கு விற்பது

உலகில் வருடத்துக்குச் சுமார் 17, 18 கோடி கன மீட்டர் ஹீலியம் உற்பத்தியாகிறது. நம் வயல் வருடத்துக்கு ஆறு லட்சத்துச் சொச்சம், அதாவது ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு. விலையை நாம் தீர்மானிக்கப் போவதில்லை. விநியோகமோ லிண்டே, ஏர் லிக்விட், ஏர் புராடக்ட்ஸ், மெஸ்ஸர் போன்ற சில கைகளில். அமெரிக்க அரசு அமரில்லோ அருகே நிலத்தடியில் சேர்த்து வைத்திருந்த இருப்பும் குழாய்களும்கூட 2024-ல் மெஸ்ஸருக்கு விற்றாகிவிட்டது. முன்பு பற்றாக்குறை வந்தால் இடி தாங்கியாக இருந்த அரசுக் களஞ்சியம் இப்போது இல்லை.

2006-07, 2011-13, 2018-20, மறுபடி 2022 என்று பற்றாக்குறை அலை அலையாக வந்திருக்கிறது. ஒவ்வொரு அலையிலும் அன்றாடச் சந்தை விலை துள்ளும், அதைப் பார்த்துப் புதுத் திட்டங்கள் முளைக்கும், அவை உற்பத்திக்கு வரும்போது அலை அடங்கியிருக்கும். ஆகவே உச்ச விலையை வைத்துக் கணக்குப் போட்ட எந்தத் திட்ட அறிக்கையையும் நான் மூன்றாவது பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

நீண்ட ஒப்பந்தத்தில், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காசு கொடு என்ற விதி உங்களைக் காக்கும். அதே தாளில், தரத் தவறினால் வேறிடத்தில் வாங்கிய செலவைக் கட்டு என்ற விதி உங்களைக் கடிக்கும். முதல் வருடத்தில் கடிதான் அதிகம். அதனால் எதிர்பார்க்கும் உற்பத்தியில் பாதியை, மிஞ்சிப் போனால் அறுபது சதவீதத்தை மட்டும் உறுதி கொடுத்து, மீதியை உள்ளூர் சிலிண்டர் நிரப்பும் நிறுவனங்களுக்கு அன்றாட விலையில் விடுவது என் விருப்பம். வண்டியை வாங்குபவர் அனுப்புகிறாரா நீங்கள் அனுப்புகிறீர்களா என்பதும் விலையில் சேர்த்தி. அவர் டிரெய்லரோடு வந்தால் யூனிட்டுக்குக் கொஞ்சம் விலை குறைத்துக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஐந்து டிரெய்லர் வாங்கும் வேலை மிச்சம்.

வணிக உற்பத்தி தொடங்கியதாக எப்போது அறிவிப்பது

இதைச் சடங்கு என்று நினைக்கிறார்கள். ஒப்பந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான். சீக்கிரம் அறிவித்தால் முதலீட்டாளர்கள் மகிழ்வார்கள், கூடவே அபராத விதியும் விழித்துக்கொள்ளும், கடன் தவணையும் தொடங்கும். தாமதித்தால் வாங்குபவர் கெடு முடிந்தது என்று ஒப்பந்தத்தைக் கைவிடும் உரிமை பெறுவார். ஆகவே கையெழுத்துப் போடும்போதே ஒரு தேதிக்குப் பதிலாக ஆறு மாத அகலமுள்ள ஒரு சாளரத்தையும், அதற்குள் சோதனை விற்பனை செய்துகொள்ளும் உரிமையையும் கேட்டு வாங்க வேண்டும். சோதனைக் காலத்தில் வரும் ஹீலியம் தரத்தில் ஏறி இறங்கும், 99.999 வராத நாட்களின் சரக்கை பலூன், வெல்டிங் பக்கம் தள்ளிவிடலாம்.

என் அளவுகோல் இது: தொடர்ந்து முப்பது நாள், அதில் நடுவே குறைந்தது ஒரு தடவை ஆலை தானாக நின்று திரும்பத் தரத்துக்கு வந்திருக்க வேண்டும், வாங்குபவரின் ஆய்வகம் நம் கருவி காட்டிய அதே தூய்மையைத் தன் கருவியிலும் பார்த்திருக்க வேண்டும், குறைந்தது பத்து டிரெய்லர் திருப்பி அனுப்பப்படாமல் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் தூய்மை நிபந்தனையில்தான் பல நாள் வீணாகும். நம் கருவி 99.999 என்று காட்டும், அவர்களுடையது ஒரு ஒன்பதைக் குறைத்துக் காட்டும்; பெரும்பாலும் டிரெய்லர் குழாய்களை முதல் நிரப்பலுக்கு முன் சரியாக வெற்றிடமாக்கிக் கழுவாமல் விட்ட ஈரமும் காற்றுமாக இருக்கும். ஆலை தயாராவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு சின்ன சிலிண்டரில் தெரிந்த தூய்மையுள்ள ஹீலியத்தை இரண்டு ஆய்வகத்துக்கும் அனுப்பி, இரு கருவிகளும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். டிரெய்லர்களை வரவழைத்து வெற்றிடமாக்கிக் கழுவத் தொடங்குவதும் அந்த மாதத்து வேலைதான்.